பணிக்கொடை கேட்டால் இந்தியச் சட்டம் சொன்ன சாட்பொட்

சின்னம்மா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் 11 வருடம் நின்றவர். முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டபோது முதலாளி கடைசி மாதச் சம்பளத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். சேமலாப நிதி (EPF) ஒழுங்காகக் கட்டியிருந்தபடியால் அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. இழுபட்டது பணிக்கொடைதான், அதாவது வேலை செய்த வருடங்களுக்காக விலகும்போது முதலாளி தர வேண்டிய காசு. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை, அதனால் போனில் ஏஐ சாட்பொட்டிடம் தமிழில் கேட்டோம்.

உடனே பதில் வந்தது. நல்ல தமிழ், ஒரு தயக்கமும் இல்லை. 10 பேர் வேலை செய்யும் இடமென்றால் பணிக்கொடை உண்டு, கணக்கு இப்படி, இலவச உதவிக்கு 15100 இலக்கத்துக்கு அழையுங்கள் என்றது. கீழே 1972 ஆம் ஆண்டுச் சட்டம் என்று போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, சொன்னதெல்லாம் இந்தியச் சட்டம், அந்த இலக்கமும் இந்தியாவுடையது. கேள்வியிலேயே கொழும்பு என்று எழுதியிருந்தேன்! தமிழில் கேட்டால் தமிழ்நாடு என்றே அது எடுத்துக்கொள்கிறது போல.

இலங்கைச் சட்டப்படி சொல் என்று அழுத்திக் கேட்டதும் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்துக்கு வந்தது. 5 வருட சேவை வேண்டும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் கடையில் 15 பேராவது இருக்க வேண்டுமாம், சின்னம்மாவோடு நின்றது 12 பேர். "உங்களுக்கு உரிமை இல்லை" என்று முடித்துவிட்டது. சின்னம்மா, "விடு மகன், எங்கட தலைவிதி" என்று எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. விசாரிக்கப் போன ஒரு அலுவலகத்தில், கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் ஒரு படிவத்தை நீட்டிவிட்டு, தமிழ் தெரிந்தவர் லீவு, அடுத்த கிழமை வாங்கோ என்றார். அரை நாள் வீண். அப்புறம் புதுக்கடையில், வசதியில்லாதவர்களுக்கு உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனோம். (வருமான விபரம் கேட்பார்கள், கையோடு கொண்டு போங்கள்.)

அங்கே இருந்த இளம் சட்டத்தரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, வேலை விட முதல் வந்த தீபாவளி நேரம் கடையில எத்தனை பேர் நின்டனீங்கள்?"

"அப்ப வேற ஆக்களையும் எடுப்பினம், ஒரு 17, 18 பேர் நின்டம் பிள்ளை."

அவ்வளவுதான் விஷயம்! வேலை விட்டதற்கு முந்திய 12 மாதத்துக்குள் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். அப்படி இல்லாவிட்டாலும் தொழில் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அதற்கு வேலை விட்ட நாளிலிருந்து 6 மாதம்தான் காலக்கெடு. இந்த இரண்டில் ஒன்றையும் சாட்பொட் சொல்லவில்லை. உரிமை இல்லை என்று அது சொன்னதை நம்பி வீட்டில் இருந்திருந்தால் அந்த 6 மாதமும் கடந்து போயிருக்கும்.

ஆதாரத்துக்கு சின்னம்மாவின் வாட்ஸப்பில் ஒரு படம் கிடந்தது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு, எல்லோரும் ஒரே மாம்பழ மஞ்சள் சேலையில், பின்னால் கடைப் பெயர்ப்பலகை, கீழே திகதி. தலையை எண்ணினால் 17. தொழில் திணைக்கள விசாரணையில் அதை வைத்த பிறகு முதலாளி பக்கம் ஆள் கணக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. தவணை முறையில் தர ஒப்புக்கொண்டார், முதல் காசோலை காசாக மாறிவிட்டது.

சாட்பொட்டால் உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிங்களத்தில் இருந்த நியமனக் கடிதத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால் தமிழில் விளக்கியது, சின்னம்மா முன்னுக்குப் பின் சொன்னதைத் திகதிப்படி அடுக்கித் தந்தது, அந்த ஒரு பக்கம் சட்டத்தரணிக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது. ஒவ்வொரு முறையும் இலங்கைச் சட்டம் என்று எழுதுங்கள், சட்ட இலக்கத்தைக் கேட்டு வாங்கி மூலத்தில் சரி பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

இங்கே அரசாங்கமே இப்படி ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் செய்து தந்தால் எத்தனையோ கடைப் பிள்ளைகளுக்கு உதவும். செய்தால், எப்போது வேலையை விட்டீர்கள் என்பதைத்தான் அது முதலில் கேட்க வேண்டும்.