18,000 அடி என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்

பிரைவேட் பைலட் செக்ரைடில் (எக்ஸாமினரிடம் பேசியும் பறந்தும் காட்ட வேண்டிய நேரடித் தேர்வு) ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, இப்போது மூன்று வாரம் ஆகிறது. தோற்றது தரையிறக்கத்திலோ, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலிலோ அல்ல. அன்றைக்கு விமானத்தில் ஏறவே இல்லை. "விஎஃப்ஆரில் (கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கும் விதிமுறையில்) எவ்வளவு உயரம் போகலாம்?" என்ற கேள்வியில் ஆரம்பித்துத் தோற்றேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று நான் நம்பியிருந்த கேள்வி.

இடம் அமெரிக்காவில் டென்வர் பக்கம். எழுத்துத் தேர்வு, மெடிக்கல், வெளிநாட்டவர் என்பதால் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ-விடம் வாங்க வேண்டிய அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. கோளாறு செக்ரைடு தேதி கிடைத்த பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் நாள் எக்ஸாமினர் வந்தார், காபி குடித்தார், விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டார். ஆண்டுச் சோதனை சரி, 100 மணி நேரச் சோதனை சரி. டிரான்ஸ்பாண்டர் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். 24 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அந்தச் சோதனை போன மாதத்தோடு காலாவதி. நாம் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லும் பெட்டி அது. கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேலே போனால் அது வேண்டும் (தரையிலிருந்து 2,500 அடிக்குள் ஒட்டிப் பறந்தால் விலக்கு). டென்வரின் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 30 நாட்டிகல் மைலுக்குள் தரையிலிருந்தே வேண்டும். எங்கள் ஓடுதளம் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. ஆக, விமானம் நகர முடியாது.

பள்ளியின் முன்மேசையில் போய்க் கேட்டேன். "நேற்றுகூடப் பறந்ததே!" என்றார் அங்கிருந்தவர். அதுதான் பதில். எக்ஸாமினர் வந்துபோன செலவு என் தலையில். முந்தின நாள் மாலையே பதிவேட்டை நீங்களே புரட்டி, ஒவ்வொரு சோதனைக்கும் தாளில் கொடி ஒட்டி வையுங்கள். விபத்தில் விமானம் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஈஎல்டி கருவிக்குச் சோதனை 12 மாதம், அதையும் மறக்க வேண்டாம். பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டதுதான் நான் செய்த தவறு.

அடுத்த தேதி கிடைக்க ஏழு வாரம். அதற்குள் இன்னொரு பூதம்: தேர்வுக்காக இன்ஸ்ட்ரக்டரோடு பறக்க வேண்டிய 3 மணி நேரம், தேர்வு மாதத்துக்கு முந்தைய 2 மாதக் கணக்குக்குள் இருக்க வேண்டும். என்னுடையது வெளியே போய்விட்டது. மறுபடி பறந்து, லாக்புக்கில் மறுபடி கையெழுத்து வாங்கினேன்.

சரி, ஏழு வாரம் கழித்து வந்த அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் பதில்: 18,000 அடி.

"18,000-இலா?"

"இல்லை, அதற்குக் கீழே. 18,000-இல் கிளாஸ் ஏ வான்வெளி ஆரம்பம், அங்கே கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் மட்டும்தான்."

"மேற்கே போகிறாய். உன் அதிகபட்ச உயரம்?"

"17,500."

பேனாவை மேசையில் வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது. கிழக்கே, அதாவது காந்தத் திசையில் 0 முதல் 179 பாகை வரை, ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500. மேற்கே இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. 17,500 கிழக்கே போகிறவனுக்கு. மேற்கே போகிறவனுக்கு 16,500-தான். திருத்திச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

"உன் விமானம் அங்கே போகுமா?"

எங்கள் செஸ்னா 172எஸ்-இன் சர்வீஸ் சீலிங் 14,000 அடி. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 100 அடியாகக் குறையும் உயரம் அது. அதைச் சொன்னேன். ஆக்சிஜனும் சொன்னேன்: 12,500-க்கு மேல் 14,000 வரை 30 நிமிடத்தைத் தாண்டினால் அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பைலட் ஆக்சிஜன் எடுக்க வேண்டும், 14,000-க்கு மேல் எப்போதுமே எடுக்க வேண்டும், 15,000-க்கு மேல் பயணிகளுக்கும் தர வேண்டும். தப்பித்துவிட்டேன் என்று மூச்சு விட்டபோது வந்தது அடுத்தது. "12,500-இல் போகிறாய். மேகத்திலிருந்து எவ்வளவு தள்ளி?"

வாய் தானாகச் சொன்னது: "3 மைல் பார்வை, கீழே 500 அடி, மேலே 1,000, பக்கத்தில் 2,000." பயிற்சி முழுக்க 8,000, 9,000 அடியில் பறந்தவன் வாய்க்கு வேறென்ன வரும்? 10,000 அடியிலிருந்து கணக்கே வேறு. பார்வை 5 மைல், மேகத்துக்கு மேலேயும் கீழேயும் 1,000 அடி, பக்கவாட்டில் 1 மைல். காரணம் எளிது. 10,000-க்குக் கீழே மணிக்கு 250 நாட்டிகல் மைல் வேகத்துக்கு மேல் யாரும் பறக்கக் கூடாது. அதற்கு மேலே அந்தத் தடை இல்லை. மேகத்துக்குள்ளிருந்து ஒரு ஜெட் வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் கண்ணில் பட்டு விலக நேரம் வேண்டும். காரணத்தோடு படித்திருந்தால் மறந்திருக்காது. நான் எண்ணை மட்டும் உருப்போட்டிருந்தேன்.

இன்னொரு வாய்ப்பு தந்தார், அதையும் குழப்பினேன். அந்தப் பகுதியில் தோல்வி. "மீதித் தேர்வைத் தொடர்கிறாயா?" என்று கேட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்றேன். அது இரண்டாவது முட்டாள்தனம். தேறிய பகுதிகள் 60 நாளுக்குச் செல்லும். அன்றைக்கே பறந்து காட்டியிருந்தால் மறுமுறை வான்வெளிக் கேள்விகள் மட்டும் பாக்கி இருந்திருக்கும். கேட்டால் தொடருங்கள், வெட்கத்தைப் பார்க்காதீர்கள்.

மறுதேர்வுக்கு இன்ஸ்ட்ரக்டரின் பயிற்சியும் புதுக் கையெழுத்தும் வாங்கிப் போனேன். இந்தமுறை 40 நிமிடத்தில் பேச்சு முடிந்தது. பறந்ததும் ஒழுங்காகவே போயிற்று.

அப்புறம் போன சனிக்கிழமை, இன்ஸ்ட்ரக்டரை வலப்பக்கம் உட்காரவைத்து, கொரோனா பாஸ் என்ற மலைக்கணவாயைத் தாண்டி மேற்கே கிரான்பி போனேன். கணவாய் 11,600 அடிக்குச் சற்று மேலே. போகும்போது 12,500. மேற்குத் திசைக்குப் பொருந்துகிற உயரம், ஆக்சிஜன் விதி '12,500-க்கு மேல்' என்றுதான் ஆரம்பிக்கிறது என்பதால் கடிகாரமும் பார்க்க வேண்டாம். திரும்பும்போதுதான் சிக்கல். கிழக்கே போக 13,500 வேண்டும் என்று ஏற ஆரம்பித்தேன். வெயில் நாள். 12,800-ஐத் தாண்டியதும் விமானம் கெஞ்ச ஆரம்பித்தது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்து பார்த்தும் நிமிடத்துக்கு 100 அடிகூட ஏறவில்லை. புத்தகத்தில் இருக்கும் 14,000 குளிர்ந்த காற்றுக்கு.

"எதற்கு ஏறுகிறாய்?" என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை விதி தரையிலிருந்து 3,000 அடிக்கு மேலே பறந்தால்தான். முகட்டின் மேல் 12,500-இல் போனால் கீழே தரை 900 அடியில் இருக்கிறது. விதியே கிடையாது. செக்ரைடில் அவர் இதைக் கேட்டிருந்தால் இதிலும் விழுந்திருப்பேன். 12,500-க்கு இறங்கி, காற்று அமைதியாக இருந்ததால் கணவாயைத் தாண்டினேன். கிழக்குச் சரிவில் தரை விலகத் தொடங்கியதும் 11,500-க்கு வந்தேன்.

நடுவில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்த்தோம். அவருக்கு 93, எனக்கு 86. ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ ரேடியோ அதிர்வெண்ணை இரண்டு தடவை தப்பாகப் போட்டாய்" என்றார் அவர்.