சனிக்கிழமை வேண்டாம்: ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்களுக்கு விவாதப் போட்டி தொடங்கிய கதை

ஹோட்டல் மேனேஜ்மென்ட் பாடம் எடுக்கிறேன். டிரெயினிங் முடித்து வரும் பிள்ளைகள் "நீங்க சொன்ன எதுவுமே அங்க இல்ல மேடம்" என்பார்கள். ஆள் எடுக்க வரும் மேனேஜர்கள் "உங்க பசங்களுக்குக் கெஸ்ட் கோபமா வந்தா பேச வாய் வரல" என்பார்கள். இரண்டு புகாரையும் நடுவில் நின்று வாங்கிக்கட்டிக்கொள்வது நான்தான். சரி, இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிடலாம் என்று தோன்றியது. கருத்தரங்கு என்றால் மேனேஜர் ஒரு மணி நேரம் பேசுவார், பிள்ளைகள் தூங்கும். விவாதம் என்றால் பிள்ளைகள் பேச வேண்டும், அவர் கேட்டே ஆக வேண்டும்.

அனுமதி சீக்கிரம் கிடைத்துவிட்டது. சிக்கல் அப்புறம்தான்.

முதலில் பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையில் ஒத்திகை பார்த்தோம். நான்கு அணி, அணிக்கு இருவர், ஆளுக்கு 7 நிமிடம், தலைப்பு 15 நிமிடம் முன்னால்தான் கையில் வரும். மேடையே ஏறாத பிள்ளைகளுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. ஒரு பையன் 2 நிமிடத்தில் "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டான். அதை விட்டுவிட்டு வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறைக்கு மாறினோம்: இரண்டே அணி, பக்கத்துக்கு மூவர். அதன் 8 நிமிடத்தை 5 ஆக்கி, தலைப்பை இரண்டு வாரம் முன்பே கொடுத்தோம். நேரத்தைக் குறைத்ததைத் தூய்மைவாதிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போகட்டும்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், போட்டியைச் சனிக்கிழமை வைத்தது. ஒன்பது மேனேஜர்களைக் கூப்பிட்டேன், ஏழு பேர் வர முடியாது என்றார்கள். ஒரு ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர், அதாவது ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்பவர், மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "மேடம், பரீட்சை அன்னைக்கு உங்களை சினிமாவுக்குக் கூப்பிட்டா வருவீங்களா?" வார இறுதியில் அறைகள் நிரம்பும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவளே நான்தான்! செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு மாற்றினேன். செக்-அவுட் கூட்டம் ஓய்ந்திருக்கும், லஞ்ச் சர்வீஸ் முடிந்திருக்கும், டின்னர் இன்னும் தொடங்கியிருக்காது. ஏழு பேர் வந்தார்கள்.

தலைப்புகளையும் அந்த ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜரிடமே காட்டினேன். "சுற்றுலாவால் நன்மையா தீமையா" என்கிற மாதிரிதான் எழுதி வைத்திருந்தேன். படித்துவிட்டு "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" போதுமாக இருந்தது. "நீங்க உங்களுக்குள்ள எதுக்குச் சண்டை போடுவீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன். கொட்டினார்: ஓவர்புக்கிங் (இருக்கிற அறைகளைவிட அதிகமாக புக்கிங் எடுப்பது) சரியா, பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேண்டுமா, தங்கும் அறையைத் தினமும் சுத்தம் செய்வதா அல்லது கெஸ்ட் கேட்டால் மட்டுமா, டிரெயினிகளுக்கு ஸ்ப்ளிட் ஷிஃப்ட் (ஒரே நாளில் நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தவணையாக வேலை) போடலாமா. கடைசியை மட்டும் போட வேண்டாம் என்றார். போட்டோம்.

மதிப்பெண்ணிலும் அடி வாங்கினோம். உள்ளடக்கம் 40, பேச்சு நடை 40, உத்தி 20 என்பதுதான் கணக்கு. நடுவர்களாக வந்தவர்கள் இன்டர்வியூ எடுத்துப் பழகியவர்கள், டை ஒழுங்காகக் கட்டியவனுக்கு நடையில் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். முதல் சுற்றில் நன்றாக வாதாடிய ஒரு அணி அதனாலேயே தோற்றது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இரண்டாவது சுற்றுக்கு முன் ஒரே பேச்சை எல்லா நடுவர்களையும் கேட்கவைத்து மார்க் போடச் சொன்னேன். ஒருவர் 58, இன்னொருவர் 81. அவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், அப்புறம் கொஞ்சம் சரியானது.

ஆனால் நாங்களாகச் சேர்த்த ஒரு விதிதான் போட்டியைக் காப்பாற்றியது. பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் சொன்ன மாணவர் நடுவரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்கலாம்.

இறுதிச் சுற்று ஓவர்புக்கிங். ஆதரித்த அணியின் கணக்கு சுத்தமாக இருந்தது: 100 அறை இருக்கிற ஹோட்டலில் சராசரியாக 6 பேர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போகிறார்கள் என்றால் 106 விற்பதில் என்ன தப்பு? எதிர்த்துப் பேசிய பெண் எழுந்தாள். "சராசரி 6ன்னா, ஒரு நாள் 2 பேர்தான் வராம இருப்பாங்க. அன்னைக்கு நாலு பேர் கவுன்டர்ல நிப்பாங்க. நான் நின்னிருக்கேன்." டிரெயினிங்கில் ராத்திரி 11:40க்கு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உறுதிசெய்த புக்கிங்கோடு வந்தவரை 'வாக்' பண்ணச் சொன்னார்களாம், அதாவது அறை இல்லை என்று வேறு ஹோட்டலுக்கு அனுப்பிவைக்க. டாக்சி, அங்கே அறை வாடகை எல்லாம் ஹோட்டல் செலவு, ஆனால் அதைச் சொல்ல முன்னே தள்ளப்பட்டது இவள்.

அதே ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர்தான் கேட்டார்: "அந்த ஆறு ரூம் தினமும் காலியாக் கிடந்தா யாரும்மா நஷ்டத்தைக் கட்டுறது?"

"ஓவர்புக் பண்ணுங்க சார், கவுன்டர்ல மட்டும் டிரெயினி நிக்கக் கூடாது, முடிவெடுத்தவங்க நிக்கணும்" என்றாள். தன் அணியின் வாதத்தையே பாதி விட்டுக்கொடுத்த பதில், மார்க் போனது அங்கேதான். அப்புறம் அவள் முறை. "நீங்க கடைசியா வாக் பண்ணின கெஸ்ட் உங்க ஹோட்டலுக்குத் திரும்பி வந்தாரா சார்?"

மனிதர் பேனாவை மூடி வைத்தார். "தெரியல. நாங்க அதைக் கணக்கு எடுத்ததே இல்ல."

அவள் அணி 4 மார்க்கில் தோற்றது. அடுத்த வாரம் அவர் போன் செய்து, கடந்த ஆறு மாதத்தில் வாக் பண்ணினவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ரெக்கார்டு பார்த்துச் சொல்ல இரண்டு மாணவர்களை அனுப்பச் சொன்னார். ஒருத்தி அவள். இன்னொருவன், 106 விற்கலாம் என்று வாதாடியவன்.