எந்த வாடை?

எண்ணூர்க் குப்பத்தில் ஒருவர் "வாடை அடிக்குது" என்றால் அது நாற்றமாகவும் இருக்கலாம், வடக்கிலிருந்து வீசும் காற்றாகவும் இருக்கலாம். சமூகவியலாளரும் நிரலாளரும் சேர்ந்து காற்று மாசை ஆராயும்போது, மக்களின் புகார்களைத் தானாக வகைபிரிக்கும் கணினி நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். காசிமேட்டுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். அதற்கு வடக்கே எண்ணூர், வடமேற்கே மணலி, இரண்டும் ஆலைகள் நிறைந்த பகுதி. வாடைக்காற்று வீசும் நாளில் நாற்றமும் சேர்ந்தே வரலாம். அப்போது நிரல் செய்யும் தவறு சரியான விடை போலவே தெரியும். கணினித் திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது பிடிபடாது. வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டவருக்குத்தான் பிடிபடும்.

ஆகவே புகார்ப் பதிவேட்டில் சொன்னவரின் சொல்லை அப்படியே எழுத ஒரு கட்டம் வேண்டும்: "மூத்திர வாடை", "அழுகின முட்டை வாடை". அது எந்த வகைப் புகார் என்று நாம் இடும் குறிக்கு இன்னொரு கட்டம். நேரமும் காற்றின் திசையும் தனித்தனியே. முதல் நூறு பதிவுகளைச் சமூகவியலாளரும் நிரலாளரும் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் குறித்துவிட்டு, எங்கே பிரிந்தோம் என்று பேச வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் கூட்டு ஆய்வு என்று சொல்லிக்கொள்ளும் பலதில் சமூகவியலாளர் கடைசி மாதம் கருத்துக்கணிப்பு எடுக்கத்தான் அழைக்கப்படுகிறார். அதற்குள் என்ன அளப்பது, எப்படிச் சராசரி போடுவது என்பதெல்லாம் முடிவாகியிருக்கும்.

சராசரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இரவில் 2 மணி நேரம் 300, மீதி 22 மணி நேரம் 35 என்று வைத்துக்கொண்டால் சராசரி 57. காற்றின் தரம் காட்டும் செயலி "வரம்புக்குள்" என்று காட்டும். அந்த 2 மணி நேரம் இருமிய குழந்தை கணக்கில் வராது. மணி வாரியான உச்சத்தையும் காட்டுவதா என்பது நிரலில் ஒரே வரி. அந்த வரியை யாரைக் கேட்டு எழுதுகிறோம் என்பதுதான் விஷயம்.

வீடுகளில் மாட்டும் மலிவான சென்சார், லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளை மதிப்பிடுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் துகள் நீரை இழுத்து ஊதும், அளவு கூடுதலாகக் காட்டும். கடலோர விடியற்காலையில் இது சாதாரணம். தரமான கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் சில வாரம் வைத்துத் திருத்தாமல் தெருவில் மாட்டக் கூடாது. வாயுவை இந்தச் சென்சார் அளக்கவே அளக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். அப்படியொரு இரவில் துகள் சென்சார் மட்டும் உள்ள பெட்டி பச்சை விளக்கோடு சும்மா இருக்கக்கூடும். "இது வாயுவை அளக்காது" என்று பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

பெட்டியை மாட்டும் வீடும் முக்கியம். கருவாடு சுடும் அடுப்புக்கு நேர் மேலே மாட்டினால் அளப்பது அடுப்பைத்தான். அந்த வீட்டுப் பையன் பக்கத்து ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால், வரைபடத்தில் அந்த வீட்டைக் காட்டும் ஒரு புள்ளி அவன் வேலைக்கே உலை வைக்கும். பொதுவில் தெரு அளவில் மட்டும் காட்டலாம். வீட்டு விவரம் தனிக் கோப்பில், இரண்டு பேர் கையில் மட்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்தோடு, கரண்ட் பில்லில் அந்தப் பெட்டியின் பங்கை யார் கட்டுவது, எந்தத் தேதியில் யார் வந்து கழற்றுவது என்பதும் இருக்கட்டும்.