யூகான் டெனாலி: ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு முன் ஷாக்கை மட்டும் மாற்றியது

2015 முதல் 2020 வரையிலான ஜிஎம்சி யூகான் டெனாலி எஸ்யூவியில் இருப்பது காந்த ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்). எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கும். உள்ளே இருக்கும் காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அந்த எண்ணெய் இறுகும். விலை ஏறுவது இதனால்தான். ஸ்பிரிங், மேல் மவுண்ட் எல்லாம் சேர்த்துக் கட்டிய செட்டை வாங்காமல், ஷாக்கை மட்டும் வாங்கிப் பழைய ஸ்பிரிங்கையே போட்டதில்தான் எங்களுக்குப் பணம் மிச்சமானது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். ஷாக்கைப் பொறுத்தவரை வண்டியின் கம்ப்யூட்டர் பார்ப்பது காயிலையும் வயரையும் மட்டுமே. எண்ணெய் முழுக்க ஒழுகினாலும் எச்சரிக்கை வராமல் இருக்கலாம். எச்சரிக்கை வந்தும் ஷாக் நன்றாகவே இருக்கலாம்; கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், அல்லது வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சாரின் லிங்க் உடைந்திருக்கும். கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் இரு பக்கக் காயிலின் ஓம்ஸையும் (மின்தடை) ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தொடர்பே இல்லை என்றால் காயில் போய்விட்டது. ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

கையுறைப் பெட்டியில் ஸ்டிக்கர் இருந்தால், காந்த ஷாக்கைக் குறிக்கும் 'இசட்95' அதில் இருக்கிறதா என்று பார்த்து ஆர்டர் செய்யுங்கள். பழைய வண்டியில் கழற்றிய ஷாக் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம், அதன் சீலும் தேய்ந்துதான் இருக்கும். சாதாரண ஷாக்கும் கம்ப்யூட்டரை ஏமாற்றும் மாட்யூலும் சேர்ந்த கிட் இன்னும் மலிவு. ஆனால் சாலைக்கேற்ப இறுகித் தளரும் குணம் முன்பக்கம் போய்விடும். வண்டியை நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு அது சரிவராது.

பனிக்கு உப்பு தூவும் ஊர் என்றால், முந்தின இரவே கீழ் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். 15, 18 மி.மீ. சாக்கெட் இரண்டும் கையில் இருக்கட்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். இக்னிஷனை அணைத்த பிறகே கனெக்டரில் கை வையுங்கள். அடுத்து சென்சார் லிங்க், ஸ்டெபிலைசர் லிங்க், டை ராட், மேல் பால் ஜாயிண்ட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். பால் ஜாயிண்ட் பிரிந்ததும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டாவிட்டால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடும், ஆக்சிலின் உள் ஜாயிண்டும் கழன்று வரும். பிறகு கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட். கீழ் ஆர்மை அழுத்தினால் செட் வெளியே வந்துவிடும்.

ஆபத்தான இடம் ஸ்பிரிங்தான். பிரிப்பதற்கு முன் மவுண்ட், ஸ்பிரிங் முனை, கீழ் பிராக்கெட் மூன்றிலும் பெயிண்டால் நேர்க்கோடு போடுங்கள். திரும்பிவிட்டால் மேல் ஸ்டட்கள் துளையில் உட்காராது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசரைச் சில உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டி இரவல் வாங்கலாம். இரு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் சீட்டை விட்டுத் தளர்ந்து ஆடும்வரை ராடின் உச்சியில் இருக்கும் நடு நட்டைத் தொடக்கூடாது. அந்த நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம்: ராடுக்குள் வயர் போகிறது, ராடு சுழன்றால் புது ஷாக் அங்கேயே வீண். கம்ப்ரசர் வேலை கைக்குப் பழகாதவர்கள் கழற்றிய செட்டை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, ஸ்பிரிங் மாற்ற மட்டும் கூலி கொடுத்துவிடலாம். மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தால் அப்போதே புதிது போடுங்கள்.

பூட்டியபின் வீல் அலைன்மென்ட் பாருங்கள். பழைய எச்சரிக்கை அழியாவிட்டால் பயப்பட வேண்டாம். விலை குறைந்த ஸ்கேனர் பலவும் என்ஜினின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். 'சி' என்று தொடங்கும் சேஸிஸ் குறியீடுகளையும் படித்து அழிக்கும் ஸ்கேனர் வேண்டும்.