உவர்மலை இல்லாத திருகோணமலை

வாகனமும் வீதியோரக் கருவியும் தங்களுக்குள் பேசும் வலையமைப்புதான் கம்பஸ் கடைசி வருடத்தில் நான் எடுத்த தலைப்பு. கருவி வாங்கக் காசில்லை, 5.9 கிகாஹேர்ட்ஸில் அலை பரப்ப அனுமதியும் இல்லை. அதனால் எல்லாம் லப்டொப்புக்குள் ஓடும் போலி நகரத்தில்தான். அதற்கு மூன்று மென்பொருள்கள்: வாகனம் ஓட்ட சுமோ, ரேடியோவுக்கு ஓம்நெட், இரண்டையும் இணைக்க வெய்ன்ஸ். படிப்புக்கு மூன்றும் காசில்லாமல் கிடைக்கும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் இருந்து திருகோணமலை நகரை இறக்கி ஓட்டினால் பஸ்கள் வலப்பக்கமாகப் போகின்றன! சுமோ ஜெர்மனியில் பிறந்தது. இடப்பக்கம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு நாள் "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே பிழை. "லாஞ்ச்டியை முதல்ல ஓடவிட்டீங்களா தம்பி?" என்று ஒரு சீனியர் அக்கா கேட்டார். விடவில்லை. லாஞ்ச்டி என்பது வெய்ன்ஸோடு வரும் சின்ன நிரல்; 9999 ஆம் போர்ட்டில் அது காத்திருந்தால்தான் சுமோவும் ஓம்நெட்டும் பேசும்.

நகரில் உள்ள உவர்மலை என்ற குன்றுக்கு ஏறும் சந்தியில், திரையில் ஒரு வீதியோரக் கருவியை வைத்தேன். ஒவ்வொரு வாகனமும் செக்கனுக்கு 10 தடவை தன் இடத்தையும் வேகத்தையும் சொல்லும். ஏறக்குறைய எல்லாச் செய்தியும் வந்து சேர்ந்தது. பெருமையோடு என் மேற்பார்வையாளர் சேருக்குக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு, "உவர்மலை எங்கே?" என்றார்.

இல்லை. என் வரைபடம் தட்டை. கட்டிடங்களையும் சேர்க்கவில்லை, அதனால் அலை எதிலும் தடைப்படவில்லை. உண்மையில் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைச் சுற்றி வளைந்து போவது மிகக் குறைவு. கட்டிடங்களைத் தடைகளாகக் கொடுத்தேன். வரைபடத்தில் இல்லாத வீடுகளைப் பின்னேரங்களில் உட்கார்ந்து நானே வரைந்தேன். மலையைக் காட்ட வழி தெரியாமல், அந்த இடத்தில் ஒரு பிரமாண்டமான கட்டிடத்தை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் களவுதான், அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினேன். மறுபக்கத்து வாகனங்கள் உடனே ஊமையாகிவிட்டன.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேறு சிக்கல். வாகனங்கள் பேசுவது ஒரு வகை வைஃபையில்தான்; அதில் யார் எப்போது பேசுவது என்று முறை வைக்க ஆளில்லை. காதுகொடுத்துக் கேட்டு, இடைவெளி கிடைத்தால் பேசவேண்டும். கூட்டம் கூடினால் செய்திகள் மோதும். நெரிசலில் நிற்கும் ஓட்டோ தன் இடத்தைச் செக்கனுக்கு 10 தடவை சொல்லி யாருக்கு என்ன லாபம்? அலைவரிசை நிறைந்தால் செக்கனுக்கு அனுப்பும் தடவை தானாகக் குறையும்படி மாற்றினேன், மோதல் குறைந்தது.

வாய்மொழிப் பரீட்சையில், "கோட்டைப் பக்கத்தில் திரியும் மான் குறுக்கே வந்தால்?" என்று ஒருவர் கேட்டார். மானிடம் ரேடியோ இல்லை சேர், வீதிக் கருவிக்கு ஒரு கெமரா வைத்து, அது கண்டதை மற்ற வாகனங்களுக்குச் சொல்லவேண்டும் என்றேன். "அதைச் செய்தீர்களா?" இல்லை, சேர்.