முழங்கால் எம்ஆர்ஐ: கவருக்குள் வராத இரண்டாம் பக்கம்

எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று சொன்னால் அதில் எல்லாமே அடங்கிவிடும். எலும்பையும் எலும்பையும் இழுத்துப் பிடிக்கிற தசைநாரும் ஜவ்வுதான், மூட்டுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் ஜவ்வுதான். இந்த ஒரு சொல்லால் எனக்குப் பத்து நாள் போயிற்று.

பொங்கல் வாலிபால் போட்டியில் எகிறி இறங்கும்போது பாதம் ஊன்றியபடி இருக்க உடம்பு திரும்பிவிட்டது. உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம், பொழுது சாய்வதற்குள் பேன்ட்டைக் கழற்ற முடியாத வீக்கம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. அதோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அதுவும் அடிபட்ட சில மணி நேரத்திலேயே வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கும்.

ஈரோட்டில் எம்ஆர்ஐ எடுத்தோம். வெள்ளி அரைஞாண்கொடியைக் கழற்றச் சொன்னார்கள், அரை மணி நேரம் காலை அசைக்காமல் படுத்திருந்தேன், முடிந்தது.

மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனது என் மச்சினன். கவுன்டரில் இருந்தவர் கவரை நீட்டி, "ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்குதுங்க, டாக்டர்கிட்டக் காட்டிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். உள்ளே இரண்டு ஃபிலிம், ஒரே ஒரு தாள். ஏசிஎல், அதாவது முழங்கால் மூட்டுக்கு நடுவே குறுக்காக ஓடுகிற முன்பக்கத் தசைநார், முழுசாக அறுந்திருக்கிறது என்று அதில் இருந்தது. ஏசிஎல் ஆபரேஷனை வீக்கம் வற்றி, கால் நீட்டி மடக்க வந்த பிறகு செய்வதுதான் வழக்கம், அவசரம் இல்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். காட்டில் மஞ்சள் வெட்டுக்கு ஆள் வந்தாயிற்று. சரி, வேகவைத்துக் காயப்போட்ட பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் கால் முழுசாக நீட்டவே வரவில்லை, பாதியில் கட்டை செருகினது போல் நின்றுவிடும். அதையும் வீக்கம் என்றே நினைத்தேன்.

பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் கோவைக்கு பஸ் ஏறினோம். அங்கே டாக்டர் காலை நீட்டிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அப்புறம் அதன் அடி ஓரத்தில் விரலை வைத்தார். பொடி எழுத்தில் 1/2 என்று இருந்தது. "இன்னொரு பக்கம் எங்கீங்க? படம் பதிஞ்ச சிடி டிஸ்க் குடுக்கலீங்களா?" எங்களிடம் பதில் இல்லை. ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டால் நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வலியோடு காந்திபுரத்திலிருந்து திரும்ப பஸ்.

மறுநாள் ஈரோட்டில் அதே கவுன்டர். "எல்லாம் குடுத்துட்டமுங்க" என்றார் அவர். நாங்கள் நகரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து பிரின்டருக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து என் பெயர் போட்ட தாள் வந்தது. சிடியும் வாங்கி, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுத் திறக்கச் சொல்லி, பெயரும் வலது கால் என்பதும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாம் பக்கத்தில்தான் முக்கியமானதே இருந்தது. உள்பக்க மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து, வாளியின் கைப்பிடி மாதிரி நடுவே புரண்டு கிடந்தது. கால் நீட்ட வராததற்கு அதுதான் காரணம். கூடவே உள்பக்கத் தசைநாரில் லேசான காயம், எலும்புக்குள் அடிபட்ட தடம். கோவை டாக்டர் சிடியைப் போட்டு மவுசை உருட்டிக் காட்டினார்: கறுப்பாக ஒரே ஒரு தசைநார் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக இரண்டு பட்டை, முன்னால் இருந்தது புரண்டு வந்த மெனிஸ்கஸ். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் வெளிப்பக்கமாக மோதிக்கொண்ட இடங்கள் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன. "இப்படிப் புரண்டு கிடந்தா ரொம்ப நாள் விடக் கூடாதுங்க, தையல் போடற பக்குவம் போயிரும்" என்றார். மெனிஸ்கஸின் பின் ஓரக் கிழிசல் சில சமயம் எம்ஆர்ஐயிலும் தப்பிவிடுமாம், கேமரா விட்டுத் தேடினால்தான் தெரியும் என்றார்.

இன்னொன்று, ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில் எனக்கு 'முழங்கால் வலி' என்று மட்டும் இருந்தது. எப்படி அடிபட்டது, கால் நீட்ட வருகிறதா, நடக்கும்போது நழுவுகிறதா என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். படம் பார்ப்பவர் எங்கே உற்றுப் பார்ப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

அந்த வாரமே ஆபரேஷன். மெனிஸ்கஸை வெட்டி எடுக்காமல் தையல் போட முடிந்தது, கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். இப்போது ஊன்றுகோலோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், மஞ்சளை மச்சினன் வேகவைக்கிறான்.