மேற்குச் சுவர், வெர்சோவா (மும்பைக் கடலோரம்)

மார்ச் 29
மழைக்கு முன் ஜன்னலை மாற்றணும். ஹால் ஜன்னல் அகலம்: மேலே 1,812, நடுவே 1,806, கீழே 1,803 மில்லி. மூன்றில் சின்னதை எடுத்து, அதில் 10 கழித்து, 1,793க்குப் புது ஜன்னல் சட்டம் செய்யச் சொல்லணும். பக்கத்துக்கு 5 மில்லி சிலிக்கானுக்கு. மூலைவிட்டங்களில் 9 மில்லி வித்தியாசம். சுவரே கோணல்.

மார்ச் 31
பழைய சட்டத்தின் இடது கீழ்மூலை. அலுமினியம் மற்ற இடத்தில் கெட்டியாகத்தான் இருக்கிறது. திருகைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை மாவு பூத்து, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. ஜிங்க் பூசிய இரும்புத் திருகு. நடுவில் உப்பு ஈரம் நின்றால் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரிதான். ஜிங்க் போகிறவரை தாங்கும், அப்புறம் அலுமினியம் கரையும்.

ஏப்ரல் 2
304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகே போதும் என்கிறார் பட்டறை அண்ணாச்சி. போதாது.

ஏப்ரல் 6
ஸ்லைடிங் என்றால் தண்ணீர் டிராக்கில் தேங்கித்தான் வடியும். அதை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது டிராக்கின் உள்விளிம்பு மட்டும். 20 மில்லி விளிம்பு ஏறக்குறைய 200 பாஸ்கல் அழுத்தம் தாங்கும். மணிக்கு 65 கிலோமீட்டர் காற்றிலேயே அந்தக் கணக்கு தீர்ந்தது. வெளிப்பக்கம் திறக்கும் ஷட்டரைக் காற்றே ரப்பரோடு சேர்த்து அழுத்தும். ஆனால் வெளியே கிரில். கிரில்லை உள்ளே மாற்றினால் கைப்பிடியை எட்ட அதில் ஒரு குட்டிக் கதவு வெட்டணும், கொசுவலைக்கு இடம் போகும். ஹவுசிங் சொசைட்டி அனுமதி வேறு. சரி, படுக்கையறைக்கு வெளிப்பக்கம் திறப்பது. ஹாலுக்கு 35 மில்லி விளிம்போடு ஸ்லைடிங். அரை மனசுதான்.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. பட்டறை லீவு.

ஏப்ரல் 17
நாக்தேவி தெரு, திருகு வாங்க. ஒரு கடையில் காந்தம் ஒட்டாததைக் காட்டி 316 என்கிறார்கள். 304லும்தான் ஒட்டாது! 316 என்றால் பெட்டியில் ஏ4 என்று இருக்கணும். ஏ2 என்றால் 304. 316ல் 2–3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பு குழி பறிக்காமல் காப்பது அதுதான். திருகுக்கு அடியில் நைலான் வாஷரும்.

ஏப்ரல் 30
10 கழித்தது தப்பு. கோணலே 5 மில்லியைத் தின்றுவிடும். 1,788.

மே 12
ஜன்னலடிக் கல்லில் கோலிக்குண்டு வைத்தால் வீட்டுக்குள் உருண்டு வருகிறது. இத்தனை நாள் திருகு, திருகு என்று... கல்லைப் பெயர்த்து வெளிப்பக்கம் சாய்வாகப் பதிக்கணும். வெளியே நீட்டிய பாகத்தின் அடியில் ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டணும். இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியோடு ஊர்ந்து சுவருக்கே திரும்பும்.

மே 24
மாட்டியாச்சு. சிலிக்கானில் புளித்த வாசனை இல்லை, அமிலம் விடாத நியூட்ரல் ரகம்தான். ஆனால் டிராக்கின் வடிகால் துளைகளையும் சேர்த்துப் பூசி அடைத்திருக்கிறார்கள். ஊசியால் குத்தினால் மறுபடி மூடிக்கொள்கிறது. பிளேடால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மே 27
ஹோஸ் பைப் சோதனை. கீழிருந்துதான் தொடங்கணும், மேலிருந்து அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. அடிக்கல் 10 நிமிடம், ஈரமில்லை. பக்கச் சட்டம் 10 நிமிடம், ஈரமில்லை. மேலே போவதற்குள் டேங்க் காலி.

ஜூன் 5
மும்பைக்குப் பருவமழை வழக்கமாக வரும் தேதி 11. இன்றைக்கே இடி.

ஜூன் 6
இடது கீழ்மூலை.